பின் சீட்டை மடக்கிவிட்டால்

ஷோரூமில் அவருக்கு வைத்த பெயர் ‘ஏழு சீட்டு’. வீட்டில் மூன்றே பேர் உள்ளவரிடம்கூட ஏழு பேர் உட்காரும் எஸ்யூவியைத் தலையில் கட்டி, அவர் சிரித்துக்கொண்டே ஓட்டிப் போகும்படி செய்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. “மாமியார் வந்தா எங்க உக்கார வைப்பீங்க மேடம்?” என்று ஆரம்பிப்பார். மாமியார் இல்லையே என்று அந்த அம்மா சொன்னால், “அதனால என்ன, நாளைக்கு நீங்களே மாமியார் ஆகப்போறீங்கல்ல?” என்பார். புருஷன் சிரிப்பார். சிரித்தவன் பாதி வாங்கியவன் என்பது அவர் கணக்கு.

பத்தொன்பது வருடம் அதே கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. காலையில் வந்ததும் ஈரத்துணியால் வண்டிகளின் மேல் படிந்த தூசியைத் தானே துடைப்பார். அதற்கு ஆள் இருந்தும் துடைப்பார். கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்பார். நல்ல கதவு ‘டப்’ என்று ஒரே சொல்லில் பேச வேண்டும் என்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நடுத்தர பிக்கப் வண்டிதான் அந்த ஷோரூமுக்குச் சோறு போட்டது. முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி. தச்சர், குழாய் வேலைக்காரர், பண்ணை வைத்திருப்பவர் என்று கையில் காய்ப்பு உள்ளவர்கள் வருவார்கள். வந்தவுடன், “எவ்வளவு எடை தாங்கும்?” என்று கேட்பார்கள். பிறகு ஒரு காலம் வந்தது. வருகிறவர்கள், “உள்ள உக்காந்தா ரோடு எவ்வளவு உயரத்துல தெரியும்?” என்று கேட்டார்கள். பிக்கப் என்றால் முகத்தைச் சுளித்தார்கள். அது கூலிக்குப் போகிறவன் வண்டியாம். எஸ்யூவி வேண்டும், கூரையில் ஜன்னல் வேண்டும், பெரிய திரை வேண்டும். கம்பெனி ஆட்கள் கோட்டுப் படம் போட்டு இதைக் கண்டுபிடிப்பதற்கு ஆறு மாதம் முன்பே ஏழு சீட்டு கண்டுபிடித்துவிட்டார். வாங்க வருகிறவரின் முதல் கேள்வி மாறினால் ஊரே மாறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த நாட்களில்தான் டைல்ஸ் மேஸ்திரி வந்தார். கூட அவர் மனைவியும் வந்தாள். இருவரும் ஒன்றாகவே வேலைக்குப் போகிறவர்கள். அவர் தரையில் டைல்ஸ் பதிப்பார், அவள் பின்னாலேயே உட்கார்ந்து இடுக்குகளில் கலவை பூசி, ஈரத் துணியால் ஒற்றி எடுப்பாள். அவள் விரல் நகங்களின் ஓரத்தில் வெள்ளைக் கலவை உலர்ந்திருந்தது. மேஸ்திரி நேராக விஷயத்துக்கு வந்தார்.

“பிக்கப்தான் சார் வேணும். பெட்டி பெட்டியா கல்லு ஏத்தணும்.”

ஷோரூமுக்குப் பின்னால் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் ஒரு பிக்கப் இருந்தது. யாரோ பதிவு செய்துவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போன வெள்ளை வண்டி, உறை போர்த்தி மூலையில் நின்றது. மறுநாளே கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த மாதம் நாற்பது எஸ்யூவி போனால் ஷோரூமுக்குக் கேடயம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். முப்பத்தொன்பது போயிருந்தது. தேதி முப்பது.

“பிக்கப் வர நாலு மாசம் ஆகும் மேஸ்திரி. அப்புறம் அந்த மாடலையே நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு. உதிரி பாகத்துக்கு அலைவீங்க. இப்படி வாங்க, இந்த எஸ்யூவியைப் பாருங்க. மேடம், நீங்க ஏறி உக்காருங்க.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே தெரு கீழே கிடந்தது. “எல்லாரும் சின்னதா தெரியறாங்க” என்று சொல்லிச் சிரித்தாள். காலமெல்லாம் தரையில் உட்கார்ந்து வேலை செய்தவளுக்கு அந்த உயரம் பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்?

“கல்லு எங்க ஏத்துறது?” என்று மேஸ்திரி மறுபடி கேட்டார்.

“பின் சீட்டை மடக்கிட்டா எல்லாம் ஏறும் சார்” என்றார் ஏழு சீட்டு. மடக்கியும் காட்டினார். ஒரு கைப்பிடியை இழுத்ததும் சீட்டு சொன்னபடி கேட்டுக் குனிந்தது.

கேடயம் வந்தது. மேஸ்திரியும் மனைவியும் வண்டிக்கு முன்னால் நின்ற படம் சுவரில் ஏறியது. ஏழு சீட்டு அவர்களை மறந்துபோனார். வாரத்துக்கு நாலு குடும்பம் பார்க்கிறவருக்கு அதுதான் இயல்பு.

இரண்டு வருடத்தில் காற்று திரும்பியது. இப்போது எல்லோருக்கும் பிக்கப் வேண்டும். ஆனால் வந்தவர்கள் வேறு ஆட்கள். கண் மருத்துவர் வந்தார், பள்ளிக்கூடம் நடத்துகிறவர் வந்தார், புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்தது. பின் தொட்டியில் ஒரு பூந்தொட்டிகூட ஏற்ற மாட்டார்கள். தொட்டிக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையை மூன்று வருடமானாலும் கழற்றாதவர்கள். “பாக்க கெத்தா இருக்கு சார்” என்பார்கள். சுமை உள்ளவன் எஸ்யூவியில் போக, சுமை இல்லாதவன் பிக்கப்பில் போகிறான் என்று கேன்டீனில் ஏழு சீட்டே ஒரு நாள் சொல்லிச் சிரித்தார். மேசையே சிரித்தது.

அந்த வாரம்தான் மேஸ்திரி திரும்ப வந்தார், தனியாக. திங்கட்கிழமை காலை, தரை துடைத்த ஈரம்கூடக் காயவில்லை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், “ஏழு சீட்டு சார் இருக்காரா?” என்று கேட்டிருக்கிறார். ஏழு சீட்டுக்கு முகம் பழகியதாக இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்ததும் நினைவு வந்தது.

“வாங்க மேஸ்திரி! மேடம் வரலையா?”

“இல்ல சார்.”

“கலர் எல்லாம் அவங்கதானே பாக்கணும், கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“அவ போயிட்டா சார். பதினாலு மாசம் ஆச்சு.”

மேஸ்திரி அழவில்லை. வேலையிடத்தில் அளவு சொல்வதுபோல் சொன்னார். பின் சீட்டை மடக்கிப் பதினெட்டுப் பெட்டி டைல்ஸ் ஏற்றியிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கலவை வாளிகளும் உளி, சுத்தியல் பையும். அவள் முதுகுக்குப் பின்னால் பெட்டிகள். வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். வண்டி நின்றது. பெட்டிகள் நிற்கவில்லை.

“பிக்கப்புல கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவுல இரும்புச் சுவர் இருக்குல்ல சார்? அதான், இப்பவாவது அதை வாங்கலாம்னு. நீங்கதான் பொறுமையா விவரம் சொல்வீங்க. அவகூட சொல்லுவா, நல்ல மனுஷன்னு. அதான் உங்ககிட்டயே வந்தேன்.”

ஏழு சீட்டு அவரைப் பிக்கப்பிடம் அழைத்துப் போனார். மேஸ்திரி பின் தொட்டிக்குள் ஏறி, கேபின் சுவரில் உள்ளங்கையை வைத்து, ஒரு நோயாளியின் நெற்றியைத் தொடுவதுபோல் சற்று நேரம் நின்றார். “எவ்வளவு தடிமன் சார் இது?” என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் எந்தக் கேள்விக்கும் திணறாத மனுஷன் விவரத் தாளைப் புரட்டித் தேடினார். வியாழக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று மேஸ்திரி போய்விட்டார்.

அந்த மூன்று நாள் ஏழு சீட்டுக்கு எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. அன்று மத்தியானமே, பக்கத்து மேசையில் இன்னொரு விற்பனையாளர் ஒரு தம்பதியிடம் சொல்வது காதில் விழுந்தது: “பின் சீட்டை மடக்கிட்டா எல்லாம் ஏறும் சார்.” அதே வார்த்தை, அதே இழுப்பு. கைப்பிடியை இழுக்கும் கைகூட அதேபோல் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கமிருந்து இன்னொரு குரலில் அதே வார்த்தை. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாளை எடுத்துப் பார்த்தார். ‘இட வசதி பற்றிக் கேட்டால்’ என்ற தலைப்பின் கீழ் அச்சில் இருந்தது. அவர் வாயிலிருந்து கழன்ற வாக்கியம் அவர் இல்லாமலே அந்தக் கட்டடத்தில் நடமாடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் நின்ற வண்டிகளின் பின்பக்கத்தையே பார்த்தார். ஒன்றில் பெயிண்ட் டப்பாக்கள், ஒன்றில் சமையல் கேஸ் சிலிண்டர், ஒன்றில் ஒரு தையல் மெஷின் சீட்டுகளுக்கு நடுவே தலை நீட்டிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பெண் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் மனைவி பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை செய்பவள். வலியை மறைக்கிற முகத்தை நூறு அடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பாள்.

“எந்தப் பல்லு?” என்றாள், சாப்பாட்டைத் தட்டில் போட்டபடி.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். யார்டில் நின்ற வெள்ளை வண்டியையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

“அதை அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“எப்படிச் சொல்றது?”

“என்கிட்ட சொன்னீங்கல்ல, அப்படித்தான்.”

வியாழக்கிழமை மேஸ்திரி வந்ததும், காபி வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் அவரை டெலிவரி அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். “மேஸ்திரி, அன்னிக்கு நாலு மாசம் ஆகும்னு சொன்னது பொய். யார்டுலயே ஒரு பிக்கப் நின்னுச்சு. மாடலை நிறுத்தப் போறாங்கன்னதும் பொய்.”

மேஸ்திரி குனிந்து தரையைப் பார்த்தார். அந்தத் தரையின் டைல்ஸைப் பார்த்தாரோ என்னவோ. பிறகு கேட்டார்:

“என்ன கலர் சார்?”

“வெள்ளை.”

“வெள்ளையா” என்றார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, “வெயில்ல நிக்கிற வண்டிக்கு வெள்ளைதான் நல்லது” என்றார். எழுந்து போய்விட்டார்.

மேஸ்திரி கத்தியிருந்தால் ஏழு சீட்டு தாங்கியிருப்பார். அடித்திருந்தால் கன்னத்தைத் தடவிக்கொண்டு நிம்மதியாகக்கூட இருந்திருப்பார். அடுத்த வாரம் மேஸ்திரி அதே ஷோரூமில் வேறொருவரிடம் வெள்ளைப் பிக்கப் வாங்கினார். படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏழு சீட்டு அதற்குப் பிறகு செய்ததை ஷோரூமில் பாதிப் பேர் கிறுக்கு என்றார்கள். பழைய டெலிவரிப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, தான் எஸ்யூவி விற்ற ஆட்களில் சுமை ஏற்றும் தொழில் உள்ளவர்களைத் தனியாகக் குறித்தார். நூற்று முப்பத்தேழு பேர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யார்டின் பின்புறம் டயர் அடுக்கின் நிழலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

“சார், நான்தான் உங்களுக்கு வண்டி குடுத்தவன். பின் சீட்டை மடக்கி எதையாவது ஏத்துறீங்களா?”

“ஏன், இப்ப பழைய வண்டியைத் திருப்பி வாங்கிக்கப் போறீங்களா?”

“இல்ல சார். இரும்பு வலைன்னு ஒண்ணு இருக்கு. முன் சீட்டுக்குப் பின்னால மாட்டுறது. அதைப் போட்டுக்கங்க. போடுற வரைக்கும் ஏத்தாதீங்க.”

“ஓ, வலை விக்கிறீங்களா?”

பாதிப் பேர் இப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர், “பத்து வருஷமா ஏத்துறேன், உன் வேலையைப் பாரு” என்று போனை வைத்தார். ஒரு பேக்கரிக்கார அம்மா மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணே, உங்க குரல் ஏன் இப்படி நடுங்குது?” என்றாள். நாற்பத்து மூன்று பேர் வலை மாட்டிக்கொண்டார்கள். அது அவருக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் படம் அனுப்பச் சொன்னார். பதினொரு எண்கள் எடுக்கவே இல்லை. அந்தப் பதினொன்றுதான் அவரை வாட்டியது. எடுக்காத போன் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வளைவும் ஒரு நாயும் இருப்பதாகத் தோன்றியது.

விஷயம் மேலே போனது. வண்டியில் கோளாறு என்று யாரோ புரளி கிளப்புவதாகக் கம்பெனிக்குப் புகார். மேனேஜர் அம்மா கெட்டவள் அல்ல. அவரை உட்காரவைத்து, “சார், நீங்க சொல்றது சரி. ஆனா நீங்க சொல்ற விதத்துல வாங்க வர்றவங்க பயந்து அடுத்த ஷோரூமுக்குப் போறாங்க. அங்க போய் அதே வண்டியைத்தான் வாங்கறாங்க” என்றாள். உண்மைதான். சிலிண்டர் வியாபாரி ஒருவருக்கு எஸ்யூவி வேண்டாம் என்று அரை நாள் மன்றாடியிருந்தார். அந்த ஆள் மறுநாள் எதிர்க்கடையில் வாங்கிய எஸ்யூவியில் இந்த வாசலைத் தாண்டும்போது கையை ஆட்டிவிட்டுப் போனார்.

“பயிற்சித் தாள்ல இருந்து அந்த வரியை எடுத்துடறேன்” என்றாள் மேனேஜர். எடுத்தும்விட்டாள். ஆனால் தாளிலிருந்து போனது வாய்களிலிருந்து போகவில்லை. அவரை யார்டுக்கு மாற்றினார்கள். வரும் வண்டியை இறக்குவதும், சர்வீசுக்கு வரும் வண்டியின் சாவியை வாங்கிப் பதிவதும் வேலை. மறுப்பு சொல்லாமல் போனார்.

மறுப்பு சொல்லியிருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றியது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த வெள்ளைப் பிக்கப் சர்வீசுக்கு வந்தபோதெல்லாம். மேஸ்திரி இறங்குவார். சாவியை நீட்டுவார். கிலோமீட்டர் எவ்வளவு என்று மட்டும் சொல்வார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் கிடையாது. மரியாதைக்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது. சாவி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு ஆறும்வரை ஏழு சீட்டு அதை மேசையில் வைக்க மாட்டார்.

நான்காவது சர்வீசில் மேஸ்திரி சாவியை நீட்டவில்லை.

“பின்னால ஏதோ சத்தம் வருது சார். மெக்கானிக் ஒண்ணும் இல்லங்கிறார். நீங்க தொட்டியில உக்காந்து கேட்டுச் சொல்றீங்களா?”

ஆள் ஏற்றக் கூடாத இடம் அது. தெரிந்தும் ஏறினார். கேபின் சுவருக்கு ஒரு கை தூரத்தில், தொட்டிக்குள் புடைத்து நிற்கும் சக்கர மேட்டின் மேல் உட்கார்ந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வண்டி பின் தெருவுக்குள் திரும்பியது. ஆள் நடமாட்டமில்லாத, கிடங்குகள் மட்டும் உள்ள நீளத் தெரு. காதைத் தீட்டிக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை; காற்றும் டயரும்தான். கண்ணாடி வழியே மேஸ்திரியின் பின்னந்தலை தெரிந்தது. பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

பிரேக் விழுந்தது.

பிடி நழுவி, தோளும் தாடையும் இரும்புச் சுவரில் மோதின. அந்த ஒலி அவர் எலும்புக்குள் போனது. வண்டி நின்றது. குறுக்கே எதுவும் வந்திருக்கவில்லை. மேஸ்திரி இறங்கிச் சுற்றி வந்து, தொட்டியின் ஓரத்தில் இரு கைகளையும் வைத்தார்.

“கேட்டுச்சா சார்?”

“கேட்டுச்சு.”

“அதான் எனக்கு எப்பவும் கேக்குது.”

ஏழு சீட்டின் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. துப்பாமல் விழுங்கினார். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிடங்குச் சுவரைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்:

“ரெண்டு நடையா போயிடலாம்னா அவ. ‘இவ்வளவு ஏத்தாதீங்க, பயமா இருக்கு’ன்னா. நான்தான் ஒரே நடைல முடிச்சிடலாம்னேன். எல்லாம் ஏறும்னு அந்த சாரே சொல்லியிருக்காரேன்னேன்.”

அந்த வண்டிக்குள் கடைசியாகப் பேசப்பட்டவற்றில் தன் வாக்கியமும் இருந்தது என்பது ஏழு சீட்டுக்கு உறைத்தது.

“நீங்க வந்து யார்டு விஷயத்தைச் சொன்னீங்கல்ல,” என்றார் மேஸ்திரி, “அன்னிக்கு ஒரு வாரம் நான் நல்லாத் தூங்கினேன் சார். பழியைப் போட ஒரு ஆள் கிடைச்சிட்டான்னு. ஒரு வாரம்தான். அப்புறம் மறுபடி அவ குரல் வந்துடுச்சு.” தொட்டியின் கதவைத் திறந்துவிட்டார். “இறங்குங்க. முன்னால வந்து உக்காருங்க.”

“வேணாம் மேஸ்திரி. நான் நடந்து வந்துடறேன்.”

“உக்காருங்க சார். காலியா இருந்தாத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு.”

உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டும்போது தோள் வலித்தது. மேஸ்திரி மிக மெதுவாக ஓட்டினார், சைக்கிள்கூட முந்திப் போகும் வேகத்தில். சர்வீஸ் தாளில் ‘சத்தம்’ என்று எழுதியிருந்த இடத்தில் ஏழு சீட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல், கடைசியில் ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தோளில் கறுத்துக் கன்றிப்போன இடத்தைப் பார்த்து மனைவி கேட்டாள். உள்ளதைச் சொன்னார். “போலீசுக்குப் போவோமா?” என்றாள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

மேஸ்திரியின் பிக்கப் இப்போதும் வருகிறது. கிலோமீட்டரோடு, வேலை எப்படி என்றும் ஒரு கேள்வி, பதில் என்று நடக்கிறது. அதற்கு நட்பு என்று பெயர் வைக்க முடியாது. ஒரே வீட்டில் தீ பிடித்தபோது உள்ளே இருந்த இருவர் தெருவில் சந்தித்துக்கொள்வதுபோல.

யார்டில் பிக்கப்கள் மறுபடி பின்வரிசைக்குப் போகத் தொடங்கிவிட்டன. இப்போது வருகிறவர்களின் முதல் கேள்வி, “ஒரு சார்ஜ்ல எவ்வளவு தூரம் போகும்?” என்பதாம். ஏழு சீட்டு சாப்பாட்டு நேரத்தில் இன்னமும் டயர் அடுக்கின் நிழலில் நின்று அந்தப் பதினொரு எண்களை அடித்துப் பார்க்கிறார். போன வாரம் அதில் ஒன்று எடுத்தது. ஒரு பெண் குரல்.

“அந்தக் கறுப்பு எஸ்யூவியா? அதை வித்து ரொம்ப நாளாச்சே.”

“யாருக்கும்மா வித்தீங்க?”

“புரோக்கர் மூலமா போச்சு. அவர் வேற யாருக்கோ குடுத்துட்டார்னு கேள்வி. ஏங்க, எதாவது பிரச்சனையா?”

“பிரச்சனை ஒண்ணும் இல்லம்மா” என்றார். “வண்டி நம்பர் மட்டும் ஞாபகம் இருக்கா?”

அவள் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்து வாசித்தாள். அவர் டயர் மேல் தாளை வைத்து ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டார்.